விசிறிவாதம்

எங்கள் மில்லில் ‘சிலர்’ என்பது ஒரு வேலை. ஃபிட்டர், வாட்ச்மேன், டைம்கீப்பர் மாதிரி அதுவும் ஒன்று. அந்த வேலையைப் பார்த்தவர் என் அக்கா வீட்டுக்காரர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டப்பட வேண்டியதெல்லாம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே பட்டாயிற்று.

முதலில் எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளி போய் மில் கட்சியின் கைக்கு வந்திருந்த காலம் அது, வட்டாரத்துக்கே அவர்தான் பெரிய தோழர். மாதம் ஒரு சனிக்கிழமை மில்லுக்கு வந்து கேன்டீன் ஹாலில் பேசுவார். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஆகவே’. பேச்சில் அந்தச் சொல் வந்துவிட்டால் சீக்கிரம் முடித்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் அது பொய்த்துப்போகும். இரண்டாவது ஆகவே, மூன்றாவது ஆகவே என்று போய்க்கொண்டே இருக்கும். ஆகவேக்கு முன்னால் சொன்னதற்கும் பின்னால் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. அந்தச் சம்பந்தத்தைத்தான் அவர் ஆகவே என்று சொல்லிவிட்டாரே.

மின்சாரம், அறுவடை, நூல், பல்வலி, எதைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு ஒரே நடைதான். “சில தோழர்கள் சொல்கிறார்கள்” என்று ஆரம்பிப்பார். அந்தச் சில தோழர்கள் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்லியிருப்பார்கள். “இது சரியா?” என்பார். ஹால் மூச்சுவிடாது. “இல்லை, தோழர்களே, சரியில்லை. ஏன் சரியில்லை? தவறாக இருப்பதால் சரியில்லை.” கைதட்டல். “இது தற்செயலான தவறா? இல்லை. தற்செயலாக இருந்தால் தவறிப்போயாவது சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்களா?” இன்னும் பெரிய கைதட்டல். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இப்படிச் சொல்வதால் யாருக்கு லாபம்?” என்று கேட்பார். அதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார். நாங்கள் ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வோம்.

அந்தச் சில தோழர்கள் யார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. பக்கத்து மில்லில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். பக்கத்து மில்லில் எங்களை நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

வினை கட்சித் தலைமையிடத்திலிருந்து வந்தது. ஒல்லியாக, இனிமையாகப் பேசுகிற ஒரு ஆய்வாளரை அனுப்பினார்கள். பெரிய தோழரின் பேச்சுகள் அத்தனையையும் படித்தவர் என்றார்கள். பாவம், அது முகத்திலேயே தெரிந்தது. எங்கள் கிளைச் செயலாளரை எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாராம். இத்தனை வருடமாகத் தலைவர் சில தோழர்கள், சில தோழர்கள் என்கிறாரே, அவர்களைக் கொஞ்சம் கூப்பிடுங்கள், பார்க்கலாம்.

எங்கள் செயலாளர் கெட்டவர் இல்லை. முழுக்க வழுக்கை விழுந்த பிறகும் சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தவர். கவலை வந்தால் எடுத்து வெறும் மண்டையைச் சீவிக்கொள்வார். அன்றைக்குச் சீவிச் சீவியே மண்டை சிவந்துவிட்டது. டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாகப் போய், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கெஞ்சாத குறையாக விசாரித்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் மில்லில் யாராவது எதையாவது சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது.

இரண்டே வழிதான் இருக்கிறது என்றார் ஆய்வாளர். தலைவர் இல்லாத ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது, இருக்கிற ஆளைக் கிளை ஒளித்துவைத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது நடக்காத காரியம். இரண்டாவது நடந்தால் செயலாளர் கம்பி எண்ண வேண்டும்.

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தவர் பெரிய தோழரேதான். அவசரக் கூட்டம் போட்டுச் சொன்னார்: “மனத்துக்குள் ஒரு எதிரியை வைத்துக்கொண்டு வாதாடுவது கருத்துமுதல்வாதம். நாம் பொருள்முதல்வாதிகள். ஆகவே எதிரிக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.”

முன்வரிசையில் இடது ஓரத்தில் நாற்காலி போட்டாயிற்று. உட்கார ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கை தூக்கிய ஒரே மனிதர் எங்கள் மாமா. அக்காவும் அவரும் இருந்த வீட்டில்தான் தங்கை நானும் இருந்தேன், அக்கா வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மைக் வயரில் பொறி பறக்கிறது, தொடாதீர்கள் என்று சொல்லத்தான் தூக்கினார். மெஷின் பழுது பார்க்கிற ஃபிட்டர் அவர், கண் அங்கேதான் போகும். தலைவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கை தூக்கியது மட்டும் எல்லோர் மனத்திலும் நின்றுவிட்டது.

மாமா ஏன் ஒப்புக்கொண்டார் என்று சொல்லாவிட்டால் அவரை அசடு என்று நினைத்துவிடுவீர்கள். அக்கா கார்டிங்கில் வேலை பார்த்தாள். பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற பகுதி அது. அங்கே பறக்கிற தூசியை வெளியே இழுக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு விசிறி உண்டு. அதன் பெல்ட் அறுந்து விசிறி நின்றுபோயிருந்தது. நின்ற கொஞ்ச நாளிலேயே அக்காவுக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது. ஷிப்டு முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக வருவாள். உனக்கு முன்னால் நான் கிழவியாகிவிட்டேன் பார் என்று மாமாவிடம் புருவத்தைக் காட்டிச் சிரிப்பாள், சிரிப்பு இருமலில் போய் முடியும். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். ஆகவே மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார், அவர் முதுகில் முதுகைச் சாய்த்து அவள் உட்கார்ந்தபடியே தூங்குவாள். இந்த ஆகவேயில் ஒரு பிழையும் கிடையாது.

புது பெல்ட்டுக்கு மாமா கேட்காத இடமில்லை. வரும், வரும் என்றார்கள். ‘சிலர்’ நாற்காலியில் உட்கார்ந்தால் பெரிய தோழருக்கு எதிரே எழுந்து நின்று பேசலாம். என்றைக்காவது ஒருநாள் விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவிடலாம். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

முதல் கூட்டம் வந்தது. செயலாளர் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார். “சில தோழர்களாகிய நான் கேட்கிறேன்” என்று ஆரம்பித்து, இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்தால் உடம்பு வலிக்கிறதே என்றார். தலைவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடமாகக் காற்றோடு மல்லுக்கட்டியவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். “வலிக்கிறதா? யாருடைய உடம்பு வலிக்கிறது? உங்கள் தனி உடம்பு. வர்க்கத்தின் உடம்பு வலிக்கிறதா?” என்று ஹாலைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றது ஹால். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கிங் பெண் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இல்லை என்றாள். மாமா தோற்றுப்போய் உட்கார்ந்தார்.

இது வேலைதான், நாடகம்தான் என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாளிலிருந்து கேன்டீனில் அவர் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. தோற்றவன் பக்கத்தில் உட்கார்ந்தால் தோல்வி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ. அக்கா மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே அவர் எதிரே போய் உட்கார்ந்து, சிலர் இன்னும் சாப்பிடவில்லையா, சிலருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று உரக்கக் கேட்பாள். மாமாவுக்குக் காது சிவந்துவிடும். அவள் அப்படிக் கேலி செய்தவரை அந்த வேலை எங்களுக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை வளர்ந்தது. ஒரு மாதம் மாமா இடது விலகல்காரராக எழுந்து நின்று தோற்றார். அடுத்த மாதம் வலது விலகல்காரராக நின்று தோற்றார். அதற்கடுத்த மாதம், இடது விலகலிலிருந்து வலது விலகலுக்கு அனுமதியில்லாமல் விலகியதற்காகச் சுயவிமர்சனம் செய்யவைத்தார்கள். மற்ற கிளைகளிலும் ஆய்வாளர் போய்க் கேட்க ஆரம்பித்ததால், செருப்புத் தொழிற்சாலைக்கும் தபால் ஆபீசுக்கும் அவரை இரவல் கேட்டார்கள். செருப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றார் மாமா. அதனால்தான் நீங்கள் பொருத்தம் என்றார்கள். வருடக் கடைசியில் வட்டாரத்திலேயே சிறந்த ‘சிலர்’ என்று அவருக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தது. பிறகு யாரோ யோசித்துப் பார்த்து, தவறான கருத்துக்குப் பரிசு கொடுக்க முடியாது என்று, அவரைத் தோற்கடித்ததற்காகப் பெரிய தோழருக்கே கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவின் இருமல் வேறு மாதிரியாகிவிட்டது. இருமி முடித்த பிறகு கொஞ்ச நேரம் அவள் எங்களை யார் என்று தெரியாதவள்போலப் பார்ப்பாள். மில் டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்று இவளை அந்த இடத்தைவிட்டு மாற்றுங்கள், இல்லை அந்த விசிறியை ஓடவிடுங்கள், இரண்டில் ஒன்று செய்யாவிட்டால் தாங்காது என்று பச்சையாகச் சொன்னார். மாற்றல் கேட்டோம். எந்தப் பகுதியிலும் இடமில்லை என்றார்கள். நல்லவேளையாகப் புது பெல்ட் ஸ்டோருக்கு வந்துசேர்ந்திருந்தது. ஆணியில் தொங்குவதை மாமா கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் மாட்டுவதற்கு மெஷினை நிறுத்த வேண்டும். உற்பத்தி விழா முடியட்டும் என்றார்கள். அது முடிந்ததும் தலைவர் வருகை முடியட்டும் என்றார்கள். அக்காவால் அதற்குள் படியேற முடியாமல் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை மாமா தனக்குக் கொடுத்த கேள்வியைக் கேட்டார், தோற்றார், ஆனால் உட்காரவில்லை.

“இன்னொன்னு தோழர். கார்டிங்ல தூசி இழுக்கிற ஃபேன் ஓடலை. புது பெல்ட் ஸ்டோர்ல தொங்குது. அரை மணி நேர வேலை. நானே மாட்டிடறேன். மெஷினை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க.”

செயலாளர் கை சீப்புக்குப் போய்விட்டது. தலைவருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அந்த நாற்காலியிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது மறுப்பதற்காக வந்த வார்த்தை. வேறு எதற்கு வரும். மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்நாளிலேயே சிறந்த பேச்சு அதுதான் என்று பிற்பாடு பத்திரிகையில் எழுதினார்கள்.

“சில தோழர்கள் விசிறி கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்பது ஜனநாயகம். மறுப்பது மத்தியத்துவம். இரண்டும் சேர்ந்ததுதான், தோழர்களே, ஜனநாயக மத்தியத்துவம். தூசி எங்கிருந்து வருகிறது? பஞ்சிலிருந்து. பஞ்சு எங்கிருந்து வருகிறது? நம்முடைய விவசாயத் தோழரின் வயலிலிருந்து. ஆகவே தூசியை வெறுக்கிறவர் யாரை வெறுக்கிறார்? நான் சொல்லவில்லை, தர்க்கம் சொல்கிறது. இந்த விசிறியை முதலில் சுவரில் மாட்டியவர் யார்? பழைய முதலாளி. முதலாளி நமக்கு நல்லது செய்வாரா? மாட்டார். ஆகவே விசிறி நல்லதா? விசிறி என்ன செய்கிறது? உள்ளே இருப்பதை எடுத்து வெளியே தள்ளுகிறது. உள்ளே இருப்பது யார்? நாம். வெளியே இருப்பது யார்? அவர்கள். நம்முடையதை எடுத்து அவர்களுக்குக் கொடுக்கிற இயந்திரத்துக்கு என்ன பெயர்? இன்றைக்கு விசிறி கேட்பவர்கள் நாளைக்கு ஜன்னல் கேட்பார்கள். ஜன்னல் கொடுத்தால் வெளியே பார்ப்பார்கள். வெளியே பார்த்தவர்கள் மறுபடியும் உள்ளே பார்ப்பார்கள் என்று என்ன நிச்சயம்?”

அந்த இடத்தில் மட்டும் கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. பிறகு வந்துவிட்டது.

அதற்கு ‘விசிறிவாதம்’ என்று பெயர் வைத்தார்கள். விசிறிவாதத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘விசிறிவாதத்திடமிருந்து கைப்பற்றப்பட்டது’ என்று கீழே எழுதி, கேன்டீன் சுவரில் மாட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து காட்டினார்கள். நாங்கள் தினமும் அதற்குக் கீழேதான் சாப்பிட்டோம். ஸ்டோர்காரர் நல்ல மனிதர், வீட்டுக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விழா முடிந்ததும் அதுபாட்டுக்கு மாட்டியிருப்பார்களே, இப்போது மாட்டினால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடுமே, யார் மாட்டுவார்கள் என்று புலம்பினார். மாமா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நான்தான் கண்டபடி பேசினேன், கட்சியை, மில்லை, தலைவரை, தலைவரைப் பெற்றவர்களை. அக்கா சுவரில் சாய்ந்தபடி என் வாயைப் பொத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

வழி கண்டுபிடித்ததும் அக்காதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே சிரித்தாள்.

“ஏங்க, நீங்க எது சொன்னாலும் அவரு இல்லேன்னுதானே சொல்வாரு?”

“ஆமா.”

“அப்போ ஃபேன் வேண்டாம்னு சொல்லுங்க.”

மாமா வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தார். எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று புரிய. பிறகு நான் குதித்த குதியில் காய்த் தட்டு கவிழ்ந்தது. சில தோழர்கள் விசிறி வேண்டாம் என்கிறார்கள், இது சரியா, இல்லை தோழர்களே, சரியில்லை, என்று நான் ஆகவேயைப்போலவே பேசிக்காட்டினேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறம் இருமி, இருமல் நின்றதும் மறுபடியும் பேசிக்காட்டச் சொன்னாள். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் கடைசியாகச் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

செயலாளரிடம் மாமா நேராகப் போய் நின்று, அடுத்த கூட்டத்துக்கு இதுதான் கேள்வி என்றார். அவர் மாமாவைப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. மண்டையை ஒரு தரம் சீவிக்கொண்டு, சரி என்றார். கெட்டவர் இல்லை என்று சொன்னேன் அல்லவா.

அக்கா அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தாள். நான்தான் தாங்கிப் பிடித்து அழைத்துவந்து மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தேன். மாமா எழுந்தார். இத்தனை மாதத்தில் அவர் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை.

“சில தோழர்களாகிய நான் சொல்றேன். கார்டிங்குக்கு ஃபேன் தேவையில்லை.”

தலைவர் வாயைத் திறந்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். “இது சரியா?” என்று தலைவர் மெதுவாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு மேடையைவிட்டு இறங்கி வந்தார். எங்கள் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது, அதுவும் பொய்யில்லை.

“தோழர்களே, எத்தனை ஆண்டுகள் வாதாடினேன். இன்றைக்குச் சில தோழர்கள் உணர்ந்துவிட்டார்கள். இனிமேல் நம்மிடையே சிலர் இல்லை. எல்லோரும்தான் இருக்கிறோம்.”

ஹாலே எழுந்து நின்றது. அந்தக் கைதட்டல் எத்தனை நேரம் என்று யாருக்கும் தெரியாது, முதலில் நிறுத்த ஒருவருக்கும் தைரியம் இல்லை. அந்தச் சத்தத்தில் மாமா, இல்லை தோழர், மறுத்துப் பேசுங்க தோழர், மறுத்துப் பேசுங்க என்று அவர் காதோடு கெஞ்சிக்கொண்டிருந்ததை நான் உதட்டசைவில் பார்த்தேன். தலைவர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அக்கா என் கையை விட்டுவிட்டாள்.

விசிறி தேவையில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தேவையில்லாதது சுவரில் எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டையைச் செங்கல் வைத்து அடைக்கவும் தீர்மானித்தார்கள். உணர்ந்தவர் கையாலேயே கழற்றுவதுதான் முறை என்றார்கள். மாமா ஸ்பானரோடு ஏணியில் ஏறி ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். பத்திரிகைக்காரர் போட்டோ எடுத்தார். அக்கா அந்த நேரம் ஷிப்டில்தான் இருந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசி நட்டு வரும்போது ஒரே ஒரு தரம் வாய் திறந்தாள். “பாத்துங்க, கால்ல போட்டுக்காதீங்க.”

அதற்குப் பிறகு யாரிடம் போய் என்ன கேட்பது? விசிறியே தேவையில்லை என்று தீர்மானம் இருக்கும்போது தூசியிலிருந்து மாற்றல் எப்படித் தருவார்கள்? டாக்டரம்மா, இது அகவயமான இருமல் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார். அக்கா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு காலை, தலை வாரி, சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள்தான். எழுந்திருக்கவே இல்லை. மாமா அவளை எழுப்ப வேண்டாம், தூங்கட்டும், ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேன்டீன் ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெரிய தோழரும் வந்தார். சிலர் உணர்ந்துவிட்ட நாளிலிருந்து அவருக்கும் போதாத காலம். எதிரே ஆள் இல்லாமல் பேச்சு ஓடவில்லை. சில தோழர்கள் என்று ஆரம்பித்துவிட்டு, இப்போது அப்படி யாரும் இல்லை என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொள்வார். ஆய்வாளர் வேறு மறுபடியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அக்காவைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொன்னார் தலைவர். எல்லாமே எல்லோருக்கும் பொருந்துகிற வார்த்தைகள். அப்புறம் பழக்கத்தில், “சில தோழர்கள் கேட்கலாம்” என்றார். அதோடு நின்றுபோனார். அவர் கண் முன்வரிசை இடது ஓரத்துக்குப் போயிற்று. நாற்காலியை எடுத்து நாளாகியிருந்தது. ஆய்வாளர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். செயலாளர் பதறிப்போய்க் குனிந்து வந்து, மாமாவின் தோளைத் தொட்டு, கண்ணாலேயே கெஞ்சினார். வேண்டாம் மாமா, உட்காருங்கள் என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்துவிட்டார்.

“சில தோழர்களாகிய நான்” என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

“தோழர், அவ இல்லாம நான் வீட்டுக்கு எப்படிப் போறது?”

தலைவர் தலையசைத்தார். கேள்வி கிடைத்துவிட்ட நிம்மதி. “சில தோழர்கள் கேட்கிறார்கள்,” என்றார், “மனைவி இல்லாமல் வீட்டுக்கு எப்படிப் போவது என்று. இது சரியா?”

ஹால் மூச்சுவிடவில்லை. அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். அந்த ஆள்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அளவே கிடையாது, இருந்தாலும் பார்த்ததைச் சொல்ல வேண்டும். எங்கேயோ வைத்துவிட்ட ஒரு பொருளைத் தேடுகிறவர்போல அவர் முகம் இருந்தது. அவருக்கும் வீட்டில் யாராவது இருந்திருப்பார்கள். வேறு ஏதாவது ஒரு வார்த்தை வாயில் வரும் என்று அவரும்தான் காத்திருந்தார். வரவில்லை. அத்தனை வருடம் ஒரே தடத்தில் ஓடிய வாய் வேறு எங்கே போகும்.

“இல்லை, தோழர்களே,” என்றார். “சரியில்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். அழுதுகொண்டே தட்டியவர்களும் இருந்தார்கள். மாமா கைதட்டல் ஓயட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார், மீதியைச் சொல்வார் என்று. ஓய்ந்ததும் தலைவர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். அவரை உட்காரவைக்க நானும் ஸ்டோர்காரரும் தோளை அழுத்த வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்து இருவரும் நடந்து வந்தோம். மழை பெய்து விட்டிருந்தது. தெருவில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டாமல் அதிலேயே கால் வைத்து நடந்தார். பாதி வழியில் என்னிடம் கேட்டார்.

“அவரு என்ன சொன்னாரு சின்னவளே? கைதட்டின சத்தத்துல எனக்குச் சரியா கேக்கல.”

“சரியில்லைன்னு சொன்னாரு மாமா.”

அவர் மேலே நடந்தார். எங்கள் தெரு திரும்புகிற இடம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

“சரியில்லைன்னு எனக்கே தெரியுமே,” என்றார். “எப்படிப் போறதுன்னுதானே கேட்டேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவுக்குள் போகாமல் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.